கிட்டார் பெடலுக்கு எந்தப் பாட்டரி?

மாலை 6 மணிக்கு ஆபீசில் பைல்களைக் கட்டி வைத்துவிட்டு, 8 மணிக்கு மேடையில் கிட்டாரைத் தூக்குகிற தமிழர்கள் மும்பையில் நிறைய உண்டு. தாராவியில் பொங்கல் விழா, செம்பூரில் கோவில் திருவிழா, முலுண்டில் கல்யாண வரவேற்பு, டோம்பிவிலியில் பிள்ளையார் பந்தல் என்று எங்கே பந்தல் எழும்பினாலும், ஒரு மெல்லிசைக் குழு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும்.

டிசம்பர் 31 இரவு கச்சேரி என்றால், 1982-ல் வந்த "சகலகலா வல்லவன்" படத்தின் புத்தாண்டுப் பாட்டை வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க முடியாது. கூட்டம் எழுந்து நின்று ஆடும். சரியாக அந்த நேரம் பார்த்து, கிட்டார் "கர்ர்" என்று இழுத்து, முனகி, அடங்கிப் போனால்?

விசில் அடித்த அதே கூட்டம் கூச்சல் போடும். குழுத் தலைவர் முறைப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களே, அதுதான் வயிற்றில் அடிக்கிற அடி! மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் ரெயில் பாசுக்கும் சரியாகப் போய்விட, ஊருக்கு மணியார்டர் அனுப்பக் கச்சேரிக் காசை நம்பி இருந்தவர்கள் எத்தனையோ பேர். இன்றைக்கு மணியார்டர் போய் செல்போனில் பணம் போகிறது. அந்தக் காசு வரவேண்டிய வழி மாறவில்லை.

இத்தனைக்கும் காரணம், கலைஞர் காலடியில் கிடக்கும் பெட்டிக்குள் இருக்கிற 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சதுரப் பாட்டரியாக இருக்கலாம்.

காலால் மிதிக்கும் பெட்டி

எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராக ஒலிபெருக்கிக்குப் போவதில்லை. நடுவே சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் இருக்கும். கலைஞர் காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் கரகரக்கும். இன்னொன்றை மிதித்தால் மலையில் கூப்பிட்டது போல எதிரொலிக்கும். மற்றொன்று, ஒரு கிட்டாரை நான்கு கிட்டார் போலக் காட்டும். இவற்றைத்தான் பெடல் என்கிறார்கள்.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. ஏன் 9 வோல்ட்? கிட்டாருக்கும் 9 என்ற எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாம் டிரான்சிஸ்டர் ரேடியோ செய்த வேலை.

1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த "ரீஜென்சி" டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு 22½ வோல்ட் பாட்டரி தேவைப்பட்டது. 1956-ல் எவரெடி கம்பெனி 9 வோல்ட் சதுரப் பாட்டரியைக் கொண்டு வந்தது. ரேடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் பெட்டிக் கடைகளில் கூட அது கிடைக்க ஆரம்பித்தது. கிட்டார் பெடல் செய்தவர்களும், எங்கும் கிடைக்கிற சரக்கு என்பதால் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னோடிகளும் உண்டு. 1962-ல் வந்த "மேஸ்ட்ரோ" ஃபஸ் பெடல் 3 வோல்ட்டில் ஓடியது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் "சாட்டிஸ்பேக்ஷன்" பாட்டில் கரகரக்கும் கிட்டார் அந்தப் பெட்டியின் கைவண்ணம்தான். 1966-ல் லண்டனிலிருந்து "ஃபஸ் பேஸ்" என்ற வட்டப் பெடல் வந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை உலகப் புகழ் பெறச் செய்தார். 1977-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் "பாஸ்" என்ற பெயரில் கையடக்கப் பெடல்களை இறக்கியது. 9 வோல்ட் நிலைத்துவிட்டது.

உறையில் இருக்கும் ரகசியம்

கடையில் "9 வோல்ட் பாட்டரி கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

உறையில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். அதைப் படித்தால் ஏமாற வேண்டாம்.

"6எப்22" என்று இருந்தால் அது பழைய கார்பன்-துத்தநாக ரகம். 6 என்பது உள்ளே இருக்கும் அறைகளின் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் 1½ வோல்ட். ஆறும் சேர்ந்து 9. "எப்" என்றால் தட்டையான அறை. அடை மேல் அடை அடுக்கியது போல உள்ளே அடுக்கியிருப்பார்கள்.

"6எல்ஆர்61" அல்லது "6எல்எப்22" என்று இருந்தால் அது ஆல்கலைன் ரகம். நடுவில் "எல்" என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உறையில் தங்க நிறம் பூசி, "பவர்", "சூப்பர்" என்று எதை எழுதியிருந்தாலும் "எல்" இல்லாவிட்டால் அது ஆல்கலைன் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சரக்கின் அளவு ஒன்று. கார்பன் ரகத்தில், மெதுவாக எடுத்தால், சுமார் 400 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். ஆல்கலைனில் 500 முதல் 550 வரை. இதை மட்டும் பார்த்தால் பிரமாதமான வித்தியாசம் இல்லை. விலை குறைந்ததையே வாங்கலாம் என்று தோன்றும்.

ஆனால் பாட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் வாய் எவ்வளவு அகலம் என்பது இன்னொரு கேள்வி. ஆல்கலைனில் இந்த உள்தடை 2 ஓம் அளவுதான். கார்பன் பாட்டரியில் அது 35 ஓம் வரை இருக்கும். குறுகிய வாய்!

குமாஸ்தா கணக்கு

இனி, கணக்கு எழுதிப் பழகியவர்களுக்குப் பிடித்த பகுதி.

ஃபஸ் பெடல் குடிப்பது 1 மில்லி ஆம்பியர் அளவுதான். எறும்பு குடிக்கிற மாதிரி. டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் பெடல்கள் 4 முதல் 8 வரை. கோரஸ் சுமார் 10. டிஜிட்டல் டிலே என்ற எதிரொலிப் பெடல்தான் குடிகாரன். 50, 60 என்று இழுக்கும்.

டிஜிட்டல் டிலேயில் கார்பன் பாட்டரியைப் போட்டால் என்ன ஆகும்? 60 மில்லி ஆம்பியரை 35 ஓமால் பெருக்கினால் 2.1 வோல்ட். அதாவது, பாட்டரியின் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே 2.1 வோல்ட் காணாமல் போய்விடுகிறது! 9 வோல்ட் பாட்டரி பெடலுக்குக் கொடுப்பது 6.9 வோல்ட்தான். இப்படிப்பட்ட பெடல்களில் மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்கிச் சமன் செய்யும் ஓர் உறுப்பு இருக்கும். அது ஒழுங்காக வேலை செய்ய சுமார் 7 வோல்ட் வேண்டும். ஆகப் புத்தம் புதிய பாட்டரியைப் போட்டும் பெடல் திணறுகிறது. கலைஞர் பெடலைச் சந்தேகிக்கிறார். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு லேமிங்டன் ரோட்டுக்கு ஓடுகிறார். பெடலில் கோளாறே இல்லை!

ஆல்கலைன் போட்டால் அதே இடத்தில் இழப்பு 0.12 வோல்ட்தான். பெடல் ஓடும். எவ்வளவு நேரம்? 500-ஐ 60-ஆல் வகுத்தால் 8 மணி நேரம் சொச்சம். இது ஏட்டுக் கணக்கு. வேகமாக உறிஞ்சினால் பாட்டரி முழுச் சரக்கையும் கொடுக்காது. கடைசிச் சொட்டு வரை பெடலும் ஓடாது. ஆக, 5 அல்லது 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 3 மணி நேரக் கச்சேரி என்றால் இரண்டு கச்சேரி தாங்கினால் அதிர்ஷ்டம்.

ஓவர்டிரைவுக்கு அதே கணக்கைப் போடுங்கள். 8 மில்லி ஆம்பியருக்கு 500 என்றால் 60 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பாதியைத் தள்ளினாலும் பத்துக் கச்சேரி ஓடும்.

ஆகவே டிஜிட்டல் டிலேக்குப் பாட்டரியை நம்புவது காசைக் கரியாக்கும் வேலை. அதற்கு அடாப்டர்தான் சரி. பாட்டரியை அவசரத்துக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பெடல்களில் அடாப்டரைச் செருகியவுடன் பாட்டரி தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். மேடையில் அடாப்டர் பல்லை இளித்தால், ஒயரைப் பிடுங்கினால் போதும். பாட்டரி வேலையை எடுத்துக்கொள்ளும்.

காது சொல்வது

கிட்டார்க்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கரகரப்புப் பெடலுக்கு விலை குறைந்த கார்பன் பாட்டரிதான் இனிமை. ஆல்கலைன் போட்டால் சத்தம் "கண்ணாடி மாதிரி" கூசுகிறது என்பார்கள். இது தாதர் மேடைப் பேச்சு மட்டுமல்ல. அமெரிக்காவில் எரிக் ஜான்சன் என்ற கிட்டார் மேதை இருக்கிறார். "கிளிப்ஸ் ஆப் டோவர்" என்ற இசைக்காக 1992-ல் கிராமி பரிசு பெற்றவர். பாட்டரியின் ரகத்தைக் கூடக் காதால் பிரித்துவிடுவார் என்று பேரெடுத்தவர்.

இதில் உண்மை எவ்வளவு?

ஃபஸ் பெடல் குடிப்பது 1 மில்லி ஆம்பியர். உள்தடை 35 ஓம். பெருக்கினால் 0.035 வோல்ட். ஒரு வோல்ட்டில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். உள்தடையால் வோல்ட் இறங்கித்தான் இனிமை வருகிறது என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. புது ஆல்கலைன் பாட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தால் 9½ வோல்ட் காட்டும். கொஞ்ச நாள் ஓடிய கார்பன் பாட்டரி 8 வோல்ட்டுக்கு வந்திருக்கும். ஒன்றரை வோல்ட் வித்தியாசம்! அதைக் காது கேட்கத்தான் செய்யும். வோல்ட் குறையக் குறைய, பெடலுக்குள் ஒலி அலையின் தலை சீக்கிரம் நசுங்கும். சத்தம் கொஞ்சம் மழுங்கி, கொஞ்சம் குழைந்து வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. ஆகக் காது பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள்.

பழைய ஃபஸ் பெடல்களில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருக்கும். அது வெயிலுக்குக் குணம் மாறும் ஜாதி. மே மாதப் புழுக்கத்தில், விளக்குகள் சுடும் மேடையில் ஒரு சத்தம். குளிர்பதன ஸ்டூடியோவில் வேறு சத்தம். இதற்கும் பாட்டரியைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், பாட்டரி!

எது எப்படி இருந்தாலும், கரகரப்புப் பெடலுக்குக் கார்பன் பாட்டரி போடுவதில் நஷ்டம் இல்லை. விலையும் குறைவு, குடிப்பதும் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் மலிவுச் சரக்கு நல்ல சரக்காக அமைந்துவிட்டது.

அடாப்டர் ஆபத்து

"பாட்டரியே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே எலிமினேட்டர் போதும்" என்பவர்களும் உண்டு. வீட்டில் பயிற்சிக்கு அது சரி. பந்தலில் அப்படி இல்லை.

நமது மின்சாரம் விநாடிக்கு 50 தடவை திசை மாறுவது. மட்டமான எலிமினேட்டர் அதைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் 100 அதிர்வுகளில் ஓர் இரைச்சல் வரும். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் வரும் சுரம் 98 அதிர்வு. இரண்டும் பக்கத்து வீடுகள்! கலைஞர் அந்தச் சுரத்தை வாசிக்கும்போது இரைச்சலும் கூடச் சேர்ந்து விம்மி விம்மி வரும். சுருதி சேரவில்லை என்று பாடகர் திரும்பிப் பார்ப்பார். பாட்டரியில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் மின்சாரம் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் நிற்பது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்களில் பல, பாட்டரியின் பாசிட்டிவ் முனை பெட்டியோடு சேரும்படி செய்யப்பட்டவை. மற்றப் பெடல்களில் நெகட்டிவ் முனைதான் பெட்டியோடு சேரும். இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால் பாசிட்டிவும் நெகட்டிவும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். எதுவும் வேலை செய்யாது. அடாப்டர் சுட்டுப் போகும். இப்படிப்பட்ட ஃபஸ் பெடலுக்குத் தனிப் பாட்டரி போடுவதே நல்லது.

பழைய பெடலைச் சோர் பஜாரில் பேரம் பேசி வாங்குகிறவர்கள் அடாப்டர் துளையின் பக்கத்தில் போட்டிருக்கும் படத்தையும் பார்க்க வேண்டும். நடுமுனை நெகட்டிவா, பாசிட்டிவா என்று அதில் இருக்கும். பாஸ் பெடல்களில் பழையவை சிலவற்றில் "ஏ.சி.ஏ." என்ற எழுத்து இருக்கும். அவற்றுக்கு இப்போதைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் விளக்கு மங்கி, சத்தமும் சோர்ந்து வரும். பெடல் கெட்டுவிட்டது என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். உள்ளே ஒரு பாட்டரியைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வாங்குகிறவருக்கு யோகம்!

ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டரியில் ஓடுகிறதே, ஷாக் அடிக்காது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். தவறு. கிட்டார் தந்தியிலிருந்து ஒயரின் உறை வழியாக ஆம்பிளிபயரின் இரும்பு உடல் வரை தொடர்பு இருக்கிறது. பெடல் நடுவில் இருப்பதால் அது அறுவதில்லை. பந்தல் மின்சாரத்தில் எர்த் சரியில்லாமல், ஆம்பிளிபயரில் கசிவும் இருந்தால், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் தூக்கி அடிக்கும். உயிரே போகலாம். மழைக்காலப் பந்தலில், ஈர மேடையில், எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சார்ஜ் ஏற்றும் பாட்டரி

திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பாட்டரி வந்த பிறகு பலர் அதற்கு மாறிவிட்டார்கள். வாங்கும்போது விலை கூட. ஆனால் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம் என்பதால் அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவருக்கு லாபம்தான்.

நிக்கல் ரகத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. "9 வோல்ட்" என்று விற்றாலும் உள்ளே 6 அறை இருந்தால் 7.2 வோல்ட்தான். 7 அறை இருந்தால் 8.4. உறையில் இந்த எண் இருக்கும். 7.2 ரகத்தை டிஜிட்டல் பெடலில் போடுவது வீண். சரக்கும் 200 மில்லி ஆம்பியர்-மணி அளவுதான். ஆல்கலைனில் பாதி கூட இல்லை.

யு.எஸ்.பி. ஒயரைச் செருகி ஏற்றும் லித்தியம் ரகமும் வந்துவிட்டது. இவற்றில் சில, உள்ளே ஒரு சிறு மின் சுற்றை வைத்துக் கடைசி வரை 9 வோல்ட்டையே கொடுக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுற்று சில பெடல்களில் மெல்லிய கொசுச் சத்தத்தைக் கிளப்பும். அதோடு, தீரும்போது சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்துபோகும். கார்பன் பாட்டரி சாகும்போது முனகிச் சாகும். ஆல்கலைன் ஓரளவு எச்சரிக்கும். இது மட்டும் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். மேடைக்குப் போகுமுன் முழுக்க ஏற்றிக்கொண்டு போவதைத் தவிர வழி இல்லை.

ஒயரைப் பிடுங்கு!

பாட்டரியை அதிகம் கொல்வது கச்சேரி அல்ல. கச்சேரி முடிந்த பிறகு நடப்பதுதான்.

பெரும்பாலான பெடல்களில் தனி சுவிட்ச் கிடையாது. கிட்டார் ஒயரை உள்ளே செருகுவதே சுவிட்ச். காலால் மிதித்து விளக்கை அணைத்தால் பெடல் நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை! ஒயர் செருகியிருக்கும் வரை உள்ளே குடித்துக்கொண்டேதான் இருக்கும். கடைசி லோக்கல் ரெயிலைப் பிடிக்கும் அவசரத்தில், பெடல்களை ஒயரோடு அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள். காலையில் 9½ இருந்த பாட்டரி, மறுநாள் மாலைக்குள் சக்கையாகிவிடுகிறது.

மாதக்கணக்கில் கச்சேரி இல்லை என்றால் பாட்டரியையே கழற்றி வைத்துவிட வேண்டும். தீர்ந்த பாட்டரி கசியும். மும்பை மழைக்கால ஈரக்காற்றும் சேர்ந்தால் கிளிப்பின் முனைகள் பச்சைப் பிடித்துப் போகும். ஆல்கலைன் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், துணியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாக உலர வைக்கலாம். கை படாமல் செய்வது நல்லது. அது தோலை அரிக்கும்.

பாட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. "சுர்" என்றால் நல்லது என்பார்கள். 7 வோல்ட்டும் சுர் என்னும், 9 வோல்ட்டும் சுர் என்னும்! லேமிங்டன் ரோட்டில் விற்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று குழுவுக்கே போதும். 9-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 8½ என்றால் கரகரப்புப் பெடலுக்கு ஓடும். 8-க்குக் கீழே போனதைக் கச்சேரிக்கு எடுத்துப் போகாமல் வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இல்லாவிட்டால், மிதித்ததும் எரியும் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்தாவது மாற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது உறையில் உள்ள தேதியைப் பார்ப்பது அவசியம். அதிகம் விற்காத கடையில், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பாட்டரி, வாங்கும்போதே பாதி உயிராக இருக்கும். ஓடும் கடையில் வாங்குவதே உத்தமம்.

மாற்றுப் பாட்டரியைச் சட்டைப் பையில் போடுவதும் ஆபத்து. 9 வோல்ட் பாட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே தலையில் இருக்கின்றன. வீட்டுச் சாவியோ சில்லறையோ இரண்டையும் தொட்டால் சுட ஆரம்பிக்கும். பக்கத்தில் காகிதம், துணி இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். முனையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்தால் போதும். தீர்ந்ததைத் தள்ளிவிடும்போதும் அப்படித்தான். அதில் மிச்சம் இருக்கும் வோல்ட் குப்பையைப் பற்றவைக்கக் கூடியது. 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது. உறையில் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்காகத்தான். குழுவில் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.